அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில்?

அரை மணி நேரமாக ஒரு பஸ்கூட வராது. வந்தால் மூன்றாக வரும். சென்னையில் பஸ் ஏறுகிற யாரும் இதைச் சொல்லிப் புலம்பாமல் இருந்ததில்லை. மாநகரப் பேருந்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டைம் கீப்பர் என்றால்தான் பலருக்குப் புரியும். முனையத்தில் ஒரு சின்ன அறைக்குள் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, வண்டி வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதுகிறவர்தான் டைம் கீப்பர். என் ஜன்னலுக்கு வந்து சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் கேட்டது ஏன் இப்படி வருகிறது என்றுதான். டிரைவர்களெல்லாம் டீக்கடையில் அரட்டை அடித்துவிட்டுச் சேர்ந்து கிளம்புகிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நடப்பது அதுவல்ல.

29சி தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூரிலிருந்து ஜெமினி, ஸ்டெல்லா மாரிஸ், லஸ், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் வரை ஊரை வடக்கு தெற்காக அளக்கிற தடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதல் வண்டி கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ரிவர்ஸ் எடுக்கிற ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நான்கு நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அடுத்த நிறுத்தத்தில் பத்துப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது பதினான்கு பேர் நிற்கிறார்கள். அந்த நான்கு பேர் ஏறுவதற்குள் பச்சை விளக்கு போய்விடுகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் பதினாறு பேர். படியில் தொங்குகிறவர் இறங்கி வழிவிட்டால்தான் உள்ளே இருப்பவர் இறங்க முடியும் என்கிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்தபின், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் கூடிக்கொண்டே போகிறது. பின்னால் வருகிற வண்டிக்கு நேர் எதிரான யோகம். முன்வண்டி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் அதற்கு ஆளில்லை. சீக்கிரம் சீக்கிரமாக நகர்கிறது. லஸ் வருவதற்குள் இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவதும் வந்து சேர அதிக நேரம் ஆகாது. இதில் டிரைவர் செய்த குற்றம் என்று எதுவும் இல்லை. யாரும் தலையிடாமல் விட்டால் எந்த ஊரிலும், எந்தத் தடத்திலும் பஸ்கள் இப்படித்தான் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

இதனால் பயணிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது எளிய கணக்கு. மணிக்கு ஆறு வண்டி, பத்து நிமிட இடைவெளியில் ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே ஆறு வண்டி மும்மூன்றாக வந்தால் சராசரி பதினைந்து நிமிடம். வண்டி குறையவில்லை, டீசல் குறையவில்லை, டிரைவர் கண்டக்டர் சம்பளம் குறையவில்லை. நிற்கிறவரின் நேரம் மட்டும் மூன்று மடங்கு போய்விட்டது. டிப்போவின் அன்றைய கணக்கில் எல்லாச் சிங்கிளும், அதாவது ஒவ்வொரு ஒருவழி நடையும், ஓடியதாகவே பதிவாகும்.

இதைத் தடுக்கத்தான் டைம் கீப்பர். ஒட்டி வந்த வண்டியை முனையத்தில் நிறுத்திவைத்து இடைவெளி விட்டு அனுப்பலாம். ரொம்பத் தாமதமான வண்டியைக் கடைசி வரை விடாமல் நடுவழியில் திருப்பலாம். ‘கட்’ அடிப்பது என்போம். இரண்டுமே பாவத்தைச் சம்பாதிக்கிற வேலை. நிறுத்திவைத்த வண்டிக்குள் ஐம்பது பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ‘‘ஏன் சார் சும்மா நிக்குது, எடுக்கச் சொல்லுங்க’’ என்று கத்துவார்கள். ஆறு நிறுத்தம் தள்ளி நிற்கிற இருநூறு பேருக்காகத்தான் அந்த வண்டி நிற்கிறது. ஆனால் அந்த இருநூறு பேர் என் ஜன்னலுக்கு வந்து நன்றி சொல்லப்போவதில்லை. டிரைவருக்கும் கோபம் வரும். காலையில் ஏறினவர், சாப்பிடவும் ஒதுங்கவும் கிடைக்கிற பத்து நிமிடத்தை லாரியும் சிக்னலும் தின்றுவிட்ட பிறகு, வீட்டுக்குப் போகிற கடைசிச் சிங்கிளையும் நான் தாமதப்படுத்தினால் அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் நியாயம் உண்டு.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். நகரப் போக்குவரத்தைப் பற்றி ஒருவருக்கு ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். ஒரு தடத்தில் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது, பன்னிரண்டு வண்டி இருக்கிறது என்றால், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடலாம். ஊரில் கார் பெருகி, பாலம் கட்டவும் பள்ளம் தோண்டவும் சாலையை அடைத்து, அதே தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால்? அதே பன்னிரண்டு வண்டியை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றுதான் விட முடியும். பழைய பத்து நிமிடம் வேண்டும் என்றால் பதினெட்டு வண்டி வேண்டும். அதாவது, நெரிசல் ஆறு பஸ்ஸைத் தின்றுவிட்டது. புது பஸ் நூறு வாங்கினோம், இருநூறு வாங்கினோம் என்று அறிவிப்பு வருகிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். வாங்கியதில் எத்தனை, இழந்த வேகத்தை ஈடுகட்டவே போய்விட்டது?

சென்னைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். பெங்களூருவுக்கு ஆறாயிரத்துக்கும் மேல். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். வரைபடத்தில் ஊர் ஐந்து மடங்கு ஆனது. பஸ் ஐந்து மடங்கு ஆகவில்லை.

பஸ்ஸில் அரசியல் இல்லாமல் இல்லை, ஏராளமாக உண்டு. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1994இல் அதைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் பெயரில் இன்னொரு கழகம் வந்தது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு கழகம் என்று அரசு அறிவித்தபோது, தலித் தலைவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி கிளம்பியது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் சூட்டியிருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். பல்லவனும் அம்பேத்கரும் அப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். 2013இல் சென்னையில் சிற்றுந்துகள் விட்டபோது அவற்றின் பக்கவாட்டில் வரைந்த பச்சை இலைகள் கட்சிச் சின்னமா இல்லையா என்று வழக்கு நடந்தது. 2022இல் பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்களின் முகப்புக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். பெயர், இலை, நிறம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. பத்து நிமிட இடைவெளி பதினைந்தானது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காக எந்தச் சட்டசபையிலும் வெளிநடப்பு நடந்து நான் பார்த்ததில்லை.

கட்டணத்துக்காக நடந்திருக்கிறது. 2011 நவம்பரில் குறைந்தபட்சக் கட்டணம் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயானது. 2018 ஜனவரி 20 அன்று மறுபடி உயர்த்தியபோது மாணவர்கள் வகுப்பை விட்டுச் சாலைக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். இந்த உயர்வுகளை எல்லோரும் பார்த்தார்கள். அறிவிக்காமல் நடந்த உயர்வு வேறு. சாதாரணக் கட்டணத்துக்கு ஓடுகிற வெள்ளை போர்டு வண்டி நின்ற இடத்தில் எக்ஸ்பிரஸும் டீலக்ஸும் வந்து நின்றன. அதே தடம், அதே நெரிசல், டிக்கெட் மட்டும் கூடுதல். அவசரக்காரர் ஏறிவிடுவார். கையில் எண்ணி வைத்த சில்லறையோடு வந்தவர் வெள்ளை போர்டுக்கு நிற்பார். ஏழைக்குத்தான் காத்திருப்பு நீளும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. போர்டின் நிறமே அதைச் செய்துவிட்டது.

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றதும் கையெழுத்திட்ட முதல் ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரித்தார்கள். என் பணிக் காலத்தில் பஸ்ஸுக்கு நடந்த நல்ல காரியங்களில் இதைவிடப் பெரியது இல்லை என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் ஜன்னலுக்குத் தெரிந்தது பணம் மட்டும் அல்ல. முன்பு இரண்டு நிறுத்தத்தை நடந்தே கடந்த அம்மாக்கள் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் அன்றைக்கே போனார்கள். ஆண்பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒரே கோட்டில் போவார்கள். பெண்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வழியில் ரேஷன் வாங்கி, அம்மா வீட்டில் எட்டிப் பார்த்து என்று துண்டு துண்டாகப் போவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்பு தனி டிக்கெட். இலவசம் என்று இதை இளப்பமாகப் பேசுகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். கண்டக்டர் அந்தப் பெண்ணுக்கும் சீட்டு கிழித்துத்தான் கொடுக்கிறார். அந்தக் கணக்கை வைத்து அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. மேம்பாலத்தில் காரோட்டிப் போகிறவர் பாலத்துக்கென்று தனியாக டிக்கெட் எடுப்பதில்லையே, அதை யாரும் இலவசம் என்பதில்லை.

ஆனால் காசு போனபின் மிச்சமிருக்கிற விலை நேரம்தான். கூவம், அடையாறு ஓரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். பெரும்பாக்கம் நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். வீடு மட்டும் போனது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கி வாழ்ந்தவர்கள் இன்றும் அந்தத் தெருக்களுக்கேதான் வர வேண்டியிருக்கிறது. இவர்களில் ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன், ‘‘டீலக்ஸ் நிக்குதேம்மா, ஏறிடுங்களேன்.’’

‘‘அதுல போக வரக் குடுத்தா, ஒரு வீட்டு வேலையே அதுக்குத்தான் சார் சரியா இருக்கும். வெள்ளை போர்டு எப்ப வரும், அத சொல்லுங்க.’’

எனக்குப் பதில் தெரியவில்லை. அட்டவணையில் இருந்த நேரம் தெரியும். வருகிற நேரம் தெரியாது. அவருக்கு எட்டு மணிக்கு ஒரு வீடு, ஒன்பதரைக்கு ஒரு வீடு. அரை மணி தாமதமானால் முதல் வீட்டில் பேச்சு, இரண்டாவது வீட்டில் சம்பளப் பிடித்தம். ஐ.டி. அலுவலகத்தில் தாமதத்துக்கு மன்னிப்பு உண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் வழி உண்டு. அவருக்கு எதுவும் இல்லை. பெரும்பாக்கத்தில் எத்தனை வீடு கட்டினோம் என்று கணக்குக் காட்டுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கிருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றும் காட்ட வேண்டும் என்று நான் சொல்வது இவரை நினைத்துத்தான்.

பெரிய திட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. 2015இல் ஆலந்தூர் முதல் கோயம்பேடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது முதல் வாரத்திலேயே பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், செலவு 63,246 கோடி ரூபாய். யார் எவ்வளவு தருவது என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறி, 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதுதான் முடிந்தது. தலைப்புச் செய்தியாக வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு மெட்ரோவில் போகிறவர்கள் மூன்று லட்சத்தை ஒட்டி. பஸ்ஸில் முப்பது லட்சத்துக்கும் மேல். இந்த முப்பது லட்சத்துக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பது வேலைநிறுத்தம் நடக்கிற அன்றைக்கு மட்டும்தான்.

ரயிலும் பஸ்ஸும் மெட்ரோவும் தனித்தனி ராஜ்யமாக இருப்பதால் வருகிற கஷ்டத்தை எல்லோரும் அறிவோம். மூன்றையும் சேர்த்துத் திட்டமிடச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே நிறைவேறியது. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடையில் பன்னிரண்டு ஆண்டு. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் யாரும் யாரையும் கேட்காமல் கட்டினார்கள். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. பரங்கிமலைக்கு மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர், ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையில் ஆண்டுக்கணக்காக முடங்கியது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தபோது, தண்டவாளம் எதிரிலேயே ஓடியும் அங்கே ரயில் நிலையம் இல்லை. வெளியூர் பஸ்ஸை ஊர் எல்லையில் நிறுத்துவது சரியான முடிவுதான். பெட்டியும் கைக்குழந்தையுமாக விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே இறங்குகிறவர் எப்படி ஊருக்குள் வருவார் என்பதை முதலில் தீர்த்துவிட்டுத் திறந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க முடிகிறது. நல்ல தொடக்கம். பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கவும் முடிகிறது. பார்க்க முடிவதால் அது சீக்கிரம் வந்துவிடாது.

சீக்கிரம் வர வேண்டுமென்றால் சாலையில் பஸ்ஸுக்கென்று இடம் வேண்டும். அங்கேதான் அரசியல் திணறுகிறது. டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் பஸ் பக்கம் நின்றது. ஆனாலும் 2016இல் தடத்தை இடித்துவிட்டார்கள். குறைகள் அதில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தடத்தில் ஊர்ந்த காருக்குள் ஒருவர் இருவர், பஸ்ஸுக்குள் அறுபது பேர்; அந்த ஒருவரின் குரல்தான் தொலைக்காட்சிக்குக் கேட்டது. சென்னையில் தனித்தடம் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அண்ணா சாலையில் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒரே ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினாலே, மேலே சொன்ன கணக்கில் தொலைந்த ஆறு பஸ்ஸில் சிலதாவது கழகத்துக்குத் திரும்பக் கிடைக்கும், ஒரு ரூபாய்க்குக்கூடப் புது வண்டி வாங்காமல்.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்கள் கிளம்பின. சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர், தாழ்தளத்தில் 400. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய் வாங்கிய உரிமை இது. முழங்கால் தேய்ந்த என் வயதுக்காரர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் சேர்த்தேதான் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஏறுவது சுலபமானால் நிறுத்தத்தில் செலவாகும் நொடிகளும் குறையும். வண்டிகள் ஒட்டிக்கொள்வதும் குறையும்.

இந்த வண்டிகள் கழகத்துக்குச் சொந்தமல்ல. தனியார் நிறுவனம் வண்டியும் டிரைவரும் தரும், கண்டக்டர் கழகத்தவர், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனத்துக்குப் பணம். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்று எதிர்க்கின்றன. அவர்கள் கவலை எனக்கும் உண்டு. அதோடு டைம் கீப்பராக இன்னொரு கவலையும் உண்டு. கிலோமீட்டருக்குப் பணம் என்றால், மூன்று வண்டி ஒட்டி ஓடினாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். லண்டனில் தனியார் நிறுவனங்கள்தான் பஸ் ஓட்டுகின்றன. அடிக்கடி பஸ் விடுகிற தடங்களில், அட்டவணைப்படி பயணி நிற்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாக நின்றார் என்று அளக்கிறார்கள். 2001 முதல் அந்த அளவை ஒப்பந்தத்தோடு கட்டிவிட்டார்கள்: குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். ஆகவே அங்கே இடைவெளியைக் காப்பாற்றுவது நிறுவனத்தின் வரவு செலவில் சேர்ந்துவிட்டது.

நம் வண்டிகளிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. நான் கையால் எழுதிய பதிவேட்டைவிட நூறு மடங்கு விவரம் ஒவ்வொரு நாளும் சேர்கிறது. தடம்வாரியாக, வெள்ளை போர்டு தனியாகவும் டீலக்ஸ் தனியாகவும், அட்டவணை சொன்ன இடைவெளி இவ்வளவு, பயணி நின்ற நேரம் இவ்வளவு என்று மாதாமாதம் வெளியிடட்டும். மின்சாரப் பஸ் ஒப்பந்தங்களில் காத்திருப்புக்கு என்ன விதி, தவறியதற்கு அந்த மாதம் எவ்வளவு பிடித்தோம் என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு நிறுத்தத்தின் நிழற்குடையிலும், பெரும்பாக்கம் முனையத்தில் முதலாவதாகவும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற பெரிய தமிழில் ஒட்டட்டும்.